இல்காவின் சடை

புத்தகம் போடுகிறவர்கள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது எனக்கு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். எழுத உட்கார்ந்தால் கையும் கூசுகிறது. பெயர்கள் மறந்துபோகின்றன. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் சில வேளை குழம்பிவிடுகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பலேர்மோவுக்குப் புதிதாக வந்து வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் படிக்கப்போகிறீர்கள் என்று சொன்னபடியால்தான் பேனையை எடுத்தேன்.

தரை துடைப்பதையும் சட்டைக்கு அயன் பிடிப்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். வேறொன்று இருக்கிறது. இதைச் செய்வதா, அதைச் செய்வதா என்று கேட்க ஆளில்லாமல், வேற்று மனிதர் வீட்டில் நீங்கள் மட்டும் நிற்கும் நேரம் ஒன்று வரும். எனக்கு அது ஒரு நாயால் வந்தது. ஆகவே நாயைப் பற்றியே எழுதுகிறேன்.

கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அந்த வீடு. தனியாக இருந்த ஒரு சிஞ்ஞோராவுக்கு, எங்கள் பேச்சில் ஒரு அம்மாவுக்கு, ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போன நாள் நல்ல மழை. கதவைத் திறந்தவ உயரமான, மெலிந்த கிழவி. உள்ளே வா என்று கையைக் காட்டினா. கதவடியில் கறுப்பாக ஒரு கால்மிதி கிடந்தது. கயிறு கயிறாகத் திரித்த கால்மிதி. ஈரச் சப்பாத்தோடு வெள்ளைத் தரையில் கால் வைக்கக் கூச்சமாக இருந்ததால் அதிலே காலைத் துடைக்கப் போனேன்.

கால்மிதி எழுந்து நின்றது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. சிஞ்ஞோரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவ கதைத்தது இத்தாலிய மொழிதான். இனி வருவதையெல்லாம் எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

"இதை நிலம் கூட்டுற தும்புத்தடி எண்டு சொன்ன ஆக்கள் கனபேர். ஆனா காலைத் துடைக்க வந்தவள் நீதான் முதல் ஆள். உன்ரை பேர் என்ன?"

"இராசமலர்."

"அது எனக்கு வாயிலை வராது. ரோசா எண்டு கூப்பிடட்டே?"

அன்றைக்கு ரோசாவானவள், வேலையை விடும்வரை அவவுக்கு ரோசாதான்.

நாயின் பெயர் இல்கா. பெட்டை நாய். சிஞ்ஞோரா ஹங்கேரிக்காரி. பலேர்மோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, இளம் வயதில் இங்கே வந்தவ. வரும்போதே இந்தச் சாதி நாய் ஒன்றைக் கூட்டிவந்தாவாம். அது போக இன்னொன்று, அது போக வேறொன்று என்று வீட்டில் எப்போதும் ஒரு நாய் இருந்திருக்கிறது. இல்காதான் கடைசி. அந்தச் சாதிக்குப் புலி என்று பெயராம். அதை முதன்முதல் கேட்டபோது நான் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தது உண்மை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை மெல்லமாகச் சொல்லிப் பழகிய காலத்து ஆள் நான். சிஞ்ஞோராவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவ பாட்டுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏனங்கள் கழுவியானதும் அவ பல்கனியில் கதிரை போட்டு உட்காருவா. இல்கா வந்து காலடியில் படுக்கும். அந்த நாய்க்குச் சீப்பே கிடையாது. உள்மயிர் பஞ்சு மாதிரி, வெளிமயிர் முரடு. இரண்டும் தானாகவே பின்னிப்பின்னிச் சடையாகிவிடும். விட்டுவிட்டால் எல்லாச் சடையும் ஒட்டிப் பாய் மாதிரி ஆகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு சடையாகப் பிடித்து, அடிவரை விரலால் பிரித்துவிட வேண்டும். சிஞ்ஞோரா அதைச் செய்துகொண்டே கதை சொல்லுவா. நான் பக்கத்தில் நின்று உடுப்பு மடிப்பேன்.

"என்ரை ஆக்கள் கிழக்கிலையிருந்து குதிரையிலை வந்தவை, ரோசா. ஆயிரம் வருசத்துக்கும் மேலை. ஆடுகளும் வந்தது. ஆட்டோடை இதுகளும் வந்தது."

"நடந்தே வந்ததுகள்?"

"பின்னை? குதிரையிலையே ஏத்தினவை?"

அவவின் தகப்பன் ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர். கண்ணுக்கு எட்டியமட்டும் புல்வெளி, ஒரு மேடு கிடையாது என்று சொல்லுவா. இரவுக் காவலுக்குப் பெரிய வெள்ளை நாய்களாம். பகலில் ஆடு மேய்க்க இந்தச் சின்னக் கறுப்பு நாய்கள். ஆட்டுக் கூட்டத்துக்குள் கறுப்பு என்றால் தூரத்திலிருந்தே தெரியுமே. மந்தை நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் ஆடுகளின் முதுகில் பாய்ந்து, முதுகு முதுகாக ஓடி அந்தக் கரைக்குப் போய்விடுமாம். அவ அதைக் கையால் செய்து காட்டுவா. ஒரு கையின் விரல்கள் மற்றக் கையின் மேல் ஓடும். அந்த நேரம் அவவின் முகம் பலேர்மோவில் இருக்காது. நானும் உடுப்பு மடிப்பதை விட்டுவிட்டு, ஊரில், சாவகச்சேரிப் பக்கம் எங்கேயோ ஒரு ஒழுங்கையில் நிற்பேன். கீழே சந்தையில் மீன்காரன் பாட்டுப் படிக்கிற மாதிரிக் கூவுவான். இப்போது அந்தக் கூவலை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் அந்தப் பல்கனிதான் ஞாபகம் வருகிறது.

இல்கா ஆட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் தொழில் அதற்குத் தெரியும். ஆட்கள் ஒவ்வொரு அறையில் நின்றால் அதற்குப் பொறுக்காது. குசினியில் ஒருவர், கூடத்தில் ஒருவர் என்றால், குதிக்காலில் மெல்லக் கடித்துக் கடித்து ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எல்லாரும் ஒரு அறையில் இருந்தால்தான் தானும் படுக்கும். புது ஆட்களைக் கண்டால் கட்டடமே அதிரும் மாதிரிக் குரைக்கும். என்னைத் தன் கணக்கில் சேர்க்க அதற்குப் பல மாதம் பிடித்தது. சேர்த்த பிறகு நான் குளிக்கும் அறைக் கதவைப் பூட்டினாலும் வெளியே நின்று முறைப்பாடு வைக்கும்.

ஒருமுறை காலையில் அதைச் சந்தைக்குள்ளால் நடத்திக்கொண்டு போனேன். மீன்காரன் வழக்கம்போலப் பகிடி விட்டான்.

"ரோசா, அந்தத் தும்புத்தடியை இஞ்சை விட்டிட்டுப் போ. எனக்குக் கடை கழுவோணும்."

"கழுவலாம். பேந்து உன்ரை மீனை அது கூட்டிக்கொண்டு போயிடும்."

அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கூட வந்த ஆசிரியை தொலைபேசியில். பிள்ளைகள் பழக்கடைக்கு இரண்டு பேர், நத்தை விற்கிறவரிடம் மூன்று பேர் என்று சிதறிப் போனார்கள். இல்கா கயிற்றை இழுத்துக்கொண்டு என் கையிலிருந்து போய்விட்டது. கத்தலாம், ஓடிப்போய்ப் பிடிக்கலாம். ஆனால் ஓடினால் பிள்ளைகளும் ஓடும், நாய் இன்னும் வேகமாகச் சுற்றும். அதை வீட்டில் பார்த்தவள் நான். ஆகவே நின்ற இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, "நில்லுங்கோ பிள்ளையள், அது விளையாடுது" என்று மட்டும் இத்தாலிய மொழியில் சொன்னேன். அது சுற்றிச் சுற்றி வந்து அத்தனை பிள்ளையையும் ஒரு சுவரோரம் சேர்த்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஆசிரியைதான் வெளிறிப்போனா. பயந்த நேரத்தில் முதலில் கையைக் காலை ஆட்டாமல் நிற்பது நல்லது, பிள்ளைகளே. பாதிச் சிக்கல் நாங்கள் ஓடுவதால் வருகிறது.

ஆனால் அந்தக் கதை கட்டடத்துக்கு வந்தபோது வேறு மாதிரி வந்தது. மூன்றாம் மாடி நாய் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் பாய்ந்ததாம். முன்பே குரைப்புக்கு முறைப்பாடு இருந்தது. சிஞ்ஞோராவின் மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மகள் நகரத்தின் வேறு பக்கத்தில் இருந்தா. கந்தோரில் எழுத்து வேலை, இரண்டு பிள்ளைகள். கெட்ட மனுசி இல்லை; ஆனால் எந்நேரமும் களைத்த முகம். தாய்க்கு நேரே அவ சொன்னது எனக்குக் குசினியில் கேட்டது.

"அம்மா, இன்னொரு முறைப்பாடு வந்தால் நாயை அனுப்பத்தான் வேணும்."

"என்னையும் சேர்த்து அனுப்பு" என்றா சிஞ்ஞோரா.

அந்தக் குளிர்காலம்தான் சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்தா. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி, கம்பி வைத்துப் பொருத்தினார்கள். எப்போது வீட்டுக்கு வருவா என்று யாரும் சொல்லவில்லை. விழுந்த அன்றைக்குக் கட்டிலோடு படியிறக்கிக் கொண்டுபோகும்போது அவ என் கையைப் பிடித்து, "ரோசா, நாயைப் பாத்துக்கொள்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அலுமாரித் திறப்புக்கோர்வையையோ, நகையையோ, ஒன்றையும் பற்றிச் சொல்லவில்லை.

மகள் என்னை வரச் சொன்னபடி நான் தினமும் போய் நாய்க்குச் சாப்பாடு வைத்து, வெளியே நடத்தி, சிஞ்ஞோராவின் கதிரையில் உட்கார்ந்து சடை பிரித்தேன். ஆனால் அந்த வருசத்து மழை விடவேயில்லை. இந்தப் பழைய வீடுகளின் ஈரம் உங்களுக்குத் தெரியும்தானே. துவாய் போட்டால் மூன்று நாளுக்கும் காயாது. அந்தச் சடை துவாயைவிட மோசம். கடற்பஞ்சு மாதிரி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ஈரம் காயமுன் அடுத்த ஈரம். முதலில் பழைய சாக்கு மணம் வந்தது. பிறகு சாக்கு மணம் இல்லை, நாற்றமே வந்தது. படிக்கட்டில் போகிறவர்கள் மூக்கைப் பொத்தத் தொடங்கினார்கள். அடுத்த முறைப்பாடும் போனது.

மகள் வந்தா. கதவடியிலேயே நின்றா.

"ரோசா, இது ஏலாது. மயிரை வழிச்சு விடு. கடைக்குக் கொண்டுபோ, இல்லாட்டி நீயே வெட்டு. நாத்தம் போனால் நாய் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருவன். அப்பவும் நாறினால் நாட்டுப்புறத்திலை நாய் வச்சுப் பாக்கிற இடம் ஒண்டிருக்கு, அங்கை கொண்டுபோய் விடுறன். சரியே?"

"ஓம், சிஞ்ஞோரா" என்று தலையாட்டினேன். கூப்பிடும்போது மகளும் எனக்குச் சிஞ்ஞோராதான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. மனம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். வாய் ஓம் என்று சொல்லிவிடும். மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். கேட்டவவோ காரியம் முடிந்தது என்று போய்விடுகிறா.

எனக்கு வெட்ட மனமில்லை. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அந்த வீட்டுச் சடையில் கத்திரிக்கோல் வைப்பதா? அதுவும் ஒரு பெட்டையின் சடையில்? எங்கள் வீடுகளில் எப்போது ஒரு பெண்ணின் கூந்தல் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நினைக்கவே உடம்பு கூசியது. அதோடு, அந்தச் சடை நிலம் தொட எத்தனை வருசம் சிஞ்ஞோரா விரல் நோக உட்கார்ந்திருப்பா. அவ வந்து கையை நீட்டும்போது ஒன்றும் இல்லையென்றால்? இதையெல்லாம் மகளுக்கு இத்தாலிய மொழியில் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சிரிப்பா என்று வெட்கம்.

ஆகவே சடையும் இருக்க வேண்டும், நாயும் இருக்க வேண்டும் என்று ஒரு வழி யோசித்தேன். தவமணியைக் கூப்பிட்டேன். தவமணி பக்கத்துத் தெருவில் வேலை செய்தவள். என்னைவிட வயது குறைவு, வாய் கூட. அவள் வந்து மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"என்னக்கா இது, நாயோ, கருவாட்டுச் சாக்கோ?"

"பகிடியை விட்டிட்டு உந்தப் பக்கம் இரு. குளிக்க வாத்து, பிரிச்சு, காயவிடப் போறன்."

"மயிர் காயவிடுற மெசினாலை அடிக்கேலாதே?"

"அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழை பூந்திடும். பேந்து நீதான் இழுக்கோணும்."

"அப்ப எப்பிடிக் காயவிடுவியள்?"

"சாம்பிராணி போடப்போறன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாய்க்கு?"

"எங்கடை தலைக்குப் போடுறேல்லையே? தலைமயிர் தலைமயிர்தானே."

"அக்கா, அந்த மனுசி வெட்டச் சொன்னதெண்டால் வெட்டி விடுங்கோவன். சிஞ்ஞோரா சுகமா வரட்டும் எண்டு ஒரு நேர்த்தி மாதிரி நினைச்சு மொட்டை அடியுங்கோ. அதிலை என்ன பிழை?"

"நேர்த்தி வைக்கிறது ஆர்? நாயோ, நானோ?"

"நாய் வச்சால் நாய்க்கு. நீங்கள் வச்சால் வாங்கோ, உங்களுக்கு அடிச்சு விடுறன்."

சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். இளஞ்சூட்டு நீரில் குளிக்க வார்த்து, எத்தனை துவாய் வீட்டில் இருந்ததோ அத்தனையாலும் ஒற்றி எடுத்தோம். கரித்துண்டை அடுப்பில் பற்றவைத்துப் பழைய பொரிக்கும் சட்டியில் போட்டு, தமிழ்க் கடையில் வாங்கிய சாம்பிராணியைத் தூவினேன். புகை எழும்பியது. இல்கா ஒரு தும்மல் தும்மிவிட்டு, எங்கள் இருவரையும் குதிக்காலில் கடித்துக் குசினி மூலைக்கு ஒதுக்கியது. புகைச்சட்டி ஒரு மூலையில், நாங்கள் மறு மூலையில், நாய் நடுவில். அதைத் தாண்டி ஒரு அடி வைக்க விடவில்லை. தவமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். எனக்கும் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

பிறகு அது அடங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தது. இரண்டு பேருமாகச் சடை பிரித்தோம். ஊர்க் கதையெல்லாம் கதைத்தோம். காதுக்குப் பின்னால் ஒரு சடையைப் பிரித்த தவமணி சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ."

சடையின் அடியில் தோல் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சடையைத் தூக்கினேன், அங்கேயும். கழுத்தடி முழுக்க அப்படித்தான். நாற்றம் சடையிலிருந்து மட்டும் வரவில்லை. தொட்டதும் இல்கா உறுமவில்லை. என் கையை நக்கியது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"புண் மாறோணும் எண்டால் காத்துப் படோணும், அக்கா. இவ்வளவு சடைக்குள்ளை எப்பிடிக் காத்துப் படும்?" என்றாள் தவமணி.

மஞ்சள் தடவலாமா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சடையைத் தூக்கினாள். அன்றைக்கே வெட்டியிருக்கலாம். எனக்குக் கை வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம், இன்னும் ஒருமுறை காயவிட்டுப் பார்ப்போம் என்று ஞாயிறு வரை கொண்டுபோய்விட்டேன். ஞாயிறு காலையிலும் சாம்பிராணிதான் போட்டேன்.

மகள் வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்கப் புகை. அவ கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஆர் செத்தது? அம்மாவுக்கு ஏதும்... ஆஸ்பத்திரியாலை கதைச்சவையோ?"

இங்கே கோயில் மணம் வீட்டில் வந்தால் செத்த வீடு என்றுதான் அவர்களுக்கு. அது எனக்குத் தோன்றவேயில்லை. இல்லை, இல்லை, நாய்க்குத்தான் என்று சொல்லி முடிக்கும்வரை அவ சுவரில் சாய்ந்து நின்றா. பயம் போனதும் கோபம் வந்தது. அது நியாயம்தான்.

"வெட்டச் சொன்னன். ஓம் எண்டு சொன்னாய்."

நான் தலையைக் குனிந்தேன்.

"என்னாலை ஏலாது, ரோசா. கந்தோர், பிள்ளையள், ஆஸ்பத்திரி, இப்ப இது. நாளைக்கு விடிய நாயைக் கொண்டுபோறன். அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதை. அழுவா."

நாளைக்கென்று எடுத்து வைக்க அவ நாயின் கயிற்றைத் தேடினா. இல்கா வந்து எங்கள் இரண்டு பேரையும் சுற்றத் தொடங்கியது. ஒருவர் கதவடியில், ஒருவர் குசினி வாசலில் நின்றால் அதற்குப் பொறுக்காதே.

என் வாழ்க்கையில் முதலாளி முன்னால் நான் சொந்தமாக ஒரு வசனம் சொன்னதென்றால் அன்றைக்குத்தான்.

"சிஞ்ஞோரா, நாய் உங்கடையும் இல்லை, என்ரையும் இல்லை. அவவைக் கேப்பம். நானே சொல்லுறன். ஏசினால் எனக்கு ஏசட்டும்."

அவ கயிறு தேடுவதை விட்டா. பிறகு, "ஏறு காரிலை" என்றா. ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் உடுப்பெல்லாம் சாம்பிராணி மணம். மகள் கண்ணாடியைத் திறந்துவிட்டா.

சிஞ்ஞோரா கட்டிலில் சின்னதாகிப் போயிருந்தா. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "இல்கா?"

சொன்னேன். மழை, ஈரம், நாற்றம், முறைப்பாடு, தோல் சிவந்தது, மகள் வெட்டச் சொன்னது, நாளைக்குக் கொண்டுபோக இருப்பது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். இத்தாலிய மொழி எனக்கு உடைந்து உடைந்துதான் வரும். அவ பொறுமையாகக் கேட்டா.

"வெட்டினியோ?"

"இல்லை, சிஞ்ஞோரா. நான் வெட்டேல்லை."

நல்ல சொல் வரும் என்று நினைத்தேன் போல இருக்கிறது. அவ தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தா.

"ஏன் வெட்டேல்லை? விசரே உனக்கு? தோல் அழுகிற வரைக்கும் ஆர் மயிரை வச்சுக்கொண்டிருப்பினம்?"

"நீங்கள் இவ்வளவு வருசமாய்ப் பிரிச்ச சடை..."

"எனக்குக் கையை வச்சுச் செய்ய வேறை வேலை இல்லை, அதுதான் பிரிச்சன். என்ரை அப்பா வசந்தம் வந்தால் ஆட்டுக்கு மயிர் வெட்டுற அண்டைக்கே நாய்க்கும் வெட்டுவார். ஆடு, நாய், ஆடு, நாய் எண்டு வரிசையிலை. ஒரு நாயும் அழேல்லை. இது வேலைக்காரச் சாதி, ரோசா. வடிவுக்கு வச்சிருக்கிற பொம்மை இல்லை. மயிர் வளரும். நாய் போனால் திரும்பி வருமே?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றா. சிஞ்ஞோரா அவவையும் கூப்பிட்டா.

"நீ சொன்னதுதான் சரி. ஆனால் அனுப்பப்போறன் எண்டதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுவியள் எண்டு."

"அழட்டுமே. இடுப்புத்தானே முறிஞ்சது. கண் நல்லாத்தானே இருக்கு."

தாயும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மகளின் சிரிப்பை அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டதில்லை. சிஞ்ஞோரா என் கையை இழுத்து, இன்னும் கோபம் போகாத குரலில் சொன்னா:

"முதுகிலை தொடங்கு. தலையைக் கடைசியா வெட்டு. கத்திரிக்கோலைக் கண்டால் நிக்காது. இவள் பிடிக்கட்டும், நீ வெட்டு. தோலிலை முட்டாமல் ஒரு விரல் விட்டு வெட்டு."

அன்று பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே பல்கனியில் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்போடு மகள் நிலத்தில் இருந்தா. முதல் சடையில் கத்திரிக்கோலை வைத்தபோது மனம் ஒருமுறை பிள்ளையாரை நினைத்தது. நறுக்கென்று சத்தம். அது தரையில் விழுந்து கிடந்தது, வெறும் கயிற்றுத்துண்டு. பிறகு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. கறுப்பு என்று நினைத்த சடை நுனியில் வெயில் பட்டுச் செம்பட்டையாகியிருந்தது. வெட்ட வெட்ட நாய் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பெரிய உருவத்துக்குள் இருந்தது எங்கள் ஊர்த் தெருநாய் அளவு ஒரு மெல்லிய உடம்பு. முதலில் மகளைப் பார்த்து உறுமியது. பிறகு களைத்து அவவின் மடியில் தலையைப் போட்டது.

கடைசியாகத் தலை. நெற்றியில் தொங்கிய சடைகளை ஒன்றாகப் பிடித்து வெட்டினேன்.

அதற்குக் கண் இருந்தது. இத்தனை வருசம் அந்த நாய்க்குச் சாப்பாடு வைத்தவள் நான், முழுக்கண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். மகளும் பார்த்தா. நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. முதன்முதலாக எங்களைத் தெளிவாகக் காணுகிற மாதிரி இருந்தது.

"இவ்வளவு நாளும் எங்களை இப்பிடித்தான் பாத்துக்கொண்டிருந்ததோ?" என்று மகள் மெல்லக் கேட்டா. நான் தரையில் கிடந்த சடைகளைக் கூட்டி அள்ளினேன்.

மறுநாள் அவவே கந்தோருக்கு லீவு சொல்லி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனா. களிம்பு தந்தார்கள். தோல் ஆறியது, நாற்றம் போனது. நாட்டுப்புறத்து இடத்தைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. குரைப்பு மட்டும் குறையவில்லை. கட்டடத்தார் அதற்குப் பழகிவிட்டார்களோ, மகள் போய் ஏதும் சொன்னாவோ, எனக்குத் தெரியாது. வெயில் வந்த பிறகு சிஞ்ஞோரா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தா. கதிரையில் உட்கார்ந்து பழக்கத்தில் கையைக் கீழே விட்டா. பிரிக்க ஒன்றும் இல்லை. கை அந்த முதுகின் மேல் சும்மா கிடந்தது. வேறு வேலை இல்லாதபடியால் அன்றைக்கு அவ என்னோடு நெடுநேரம் கதைத்தா. என் பிள்ளைகளைப் பற்றி, என் ஊரைப் பற்றி அவ கேட்டது அந்த மாதங்களில்தான். சடை மறுபடி முழங்கால் வரை வளர்ந்தபோது சிஞ்ஞோரா இல்லை. நாயை மகள் தன் வீட்டுக்குக் கொண்டுபோனா. போகிற வழியில் காரை நிறுத்தி என்னிடம் காட்டிவிட்டுத்தான் போனா.

பிள்ளைகளே, எனக்கு உபதேசம் சொல்ல வராது. இவ்வளவுதான் சொல்லுவேன். ஒரு வீட்டில் எதையாவது காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அது நல்ல மனம்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு எது பெரிது என்பதை நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது அவர்களுக்குக் கயிற்றுத்துண்டாக இருக்கும். கேட்க ஆள் உயிரோடு இருக்கும்வரை போய்க் கேளுங்கள். ஏச்சு வாங்கினாலும் வாங்குங்கள். மனதில் இல்லை என்று இருந்தால் ஓம் என்று தலையாட்டாதீர்கள். இதைச் சொல்லுகிற நானே இன்றைக்கும் ஆட்டுகிறேன், நீங்களாவது பழகுங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் விசயம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தச் சாதி நாய் ஆயிரம் வருசத்துக்கு முந்தி வந்ததோ, எந்தப் பக்கமிருந்து வந்ததோ, ஆட்டின் முதுகில் ஓடுவது மெய்யோ, இரவுக்கு வெள்ளை நாய் பகலுக்குக் கறுப்பு நாய் என்பது சரியோ, எல்லாம் சிஞ்ஞோரா சொல்லி நான் கேட்டது. கேட்டதில் பாதி மறந்திருப்பேன். பிழை இருந்தால் திருத்துங்கள். கண்ணின் நிறத்தை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். கபிலம், தேத்தண்ணிச் சாயம் மாதிரி. அதை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.